நாலரை சென்ட் சுருட்டு

1895 ஜூலை 14. அமெரிக்காவில் எல்மைரா என்கிற சின்ன ஊரின் ரயில்வே ஸ்டேஷன். இரவு மணி பத்தரை. ரயில் கிளம்புகிறது. பெட்டிக்குள்ளே அறுபதை எட்டப்போகும் ஒரு மனிதர், அவருடைய மனைவி, இரண்டாவது மகள். பிளாட்பாரத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில் நின்றபடி கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள் மூத்த மகள். 23 வயது. ரயில் வளைவில் மறைகிறவரை அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது.

அந்த மனிதருக்கு உடம்பு சரியில்லை. காலில் ராஜபிளவை. ஒன்றரை மாதமாகப் படுக்கை. சரியாக நிற்கக்கூட முடியவில்லை. ஆனாலும் கிளம்பிவிட்டார். எங்கே? உலகத்தைச் சுற்ற. உல்லாசப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். கடனை அடைக்க.

சாமுவேல் கிளெமென்ஸ் என்று சொன்னால் உங்களுக்குத் தெரியாது. மார்க் ட்வைன் என்றால் தெரியும். 'டாம் சாயர்' எழுதியவர். உலகத்தையே சிரிக்கவைத்தவர். அந்த வருடம் அவரைப் பார்த்து உலகம் பாவப்பட்டது.

எப்படி வந்தது இத்தனை கடன்? குடியா, சூதாட்டமா? ரெண்டும் இல்லை. நான் பி.காம். படித்தவன். நல்லாச் சம்பாதிக்கிறவன் எப்படிக் கடனில் விழுகிறான் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மார்க் ட்வைனின் கதையை முதலாம் ஆண்டிலேயே பாடமாக வைத்திருக்கலாம்.

1870-ல் அவருக்குக் கல்யாணம். பெண், எல்மைராவின் நிலக்கரி வியாபாரி ஒருவரின் மகள். ஒலிவியா என்று பெயர், வீட்டில் லிவி. 1874-ல் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் சொந்த வீடு கட்டிக் குடிபோனார்கள். சாதாரண வீடா? 25 அறைகள்! வேலையாட்கள் ஒரு பட்டாளம். தினமும் விருந்தாளிகள். எழுத்தில் வந்த வருமானமும் லிவி கொண்டுவந்த சொத்தும் சேர்ந்து அந்த வீட்டை ஓட்டின. மூன்று பெண் குழந்தைகள் - சூஸி, கிளாரா, ஜீன் - அங்கேதான் வளர்ந்தார்கள். ஒரு மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோயிருந்தான்.

இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. செலவாளி வீடு, ஆனால் சமாளிக்கிற வீடு. ட்வைனுக்கு ஒரு வியாதி இருந்தது. 'அடுத்த வருஷம் கோடீஸ்வரன்' வியாதி. நம் தெருவிலும் அதற்குப் பேஷன்ட்டுகள் உண்டு.

ஜேம்ஸ் பேஜ் என்று ஒரு கண்டுபிடிப்பாளர். அச்சு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலையைத் தானே செய்யும் இயந்திரம் ஒன்றை பேஜ் செய்துகொண்டிருந்தார். ட்வைன் சின்ன வயதில் அச்சுக் கம்பாசிட்டராக வேலை பார்த்தவர். அந்த மெஷினைப் பார்த்ததும் சொக்கிப்போனார். 1880-ல் கொஞ்சமாகப் பணம் போட ஆரம்பித்தார். பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு கட்டத்தில் மாதத்துக்கு 3,000 டாலர்! பேஜ் வாய்ச்சாலகர். மெஷின் முடிந்துவிடும் என்பார். பிறகு இன்னொரு சின்ன திருத்தம் என்று மொத்தத்தையும் பிரித்துப் போடுவார். 18,000 பாகங்கள் கொண்ட மெஷின் அது. ஓடும்போது அற்புதமாக ஓடும். ஆனால் எப்போது நிற்கும் என்று அதற்கே தெரியாது.

இதற்குள் மெர்கென்தேலர் என்பவரின் லைனோடைப் இயந்திரம் 1886-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வேலைக்கே வந்துவிட்டது. ட்வைன் அசரவில்லை. நம்முடையது இதைவிடச் சிறந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 14 வருடங்களில் அந்த மெஷின் விழுங்கியது ஏறத்தாழ 3 லட்சம் டாலர் என்று கணக்கிடுகிறார்கள். அன்றைய 3 லட்சம்!

இன்னொரு பக்கம் சொந்தப் பதிப்பகம். 1884-ல் தொடங்கினார். அக்கா மகளின் கணவர் வெப்ஸ்டரை மேனேஜராகப் போட்டு, கம்பெனிக்கு அவர் பெயரையே வைத்தார். ஆரம்பம் அமர்க்களம். அதிலும் ஒரு கடன் கதை இருக்கிறது, கேளுங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெயித்த ஜெனரல், இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்தவர் யுலிசிஸ் கிராண்ட். மகனுடைய கூட்டாளி ஒருவன் நடத்திய நிதி நிறுவனத்தில் தானும் பங்குதாரராகச் சேர்ந்திருந்தார். 1884 மே மாதம் அந்த ஆள் எல்லாவற்றையும் சுருட்டிவிட்டது தெரியவந்தது. நிறுவனத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து வாண்டர்பில்ட் என்ற செல்வந்தரிடம் கடைசி நேரத்தில் ஒன்றரை லட்சம் டாலர் கைமாற்று வேறு வாங்கியிருந்தார் கிராண்ட். அதற்கு ஈடாகத் தன் போர் வாள்களையும் பதக்கங்களையும்கூட எழுதிக் கொடுத்தார். அடுத்த சில மாதங்களில் தொண்டையில் புற்றுநோய். தான் போனபின் மனைவி சோற்றுக்கு என்ன செய்வாள்? அந்தக் கவலையில்தான் போர் நினைவுகளை எழுத உட்கார்ந்தார். வேறொரு பதிப்பாளர் பத்து சதவிகித ராயல்டிக்குப் பேசிக்கொண்டிருக்க, ட்வைன் ஓடிப்போய் லாபத்தில் 70 சதவிகிதம் தருகிறேன் என்றார். எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று, கிராண்ட் இறந்துபோனார். அடுத்த பிப்ரவரியில் அவர் மனைவி கைக்கு ட்வைனின் கம்பெனி கொடுத்த ஒரே செக்கின் தொகை 2 லட்சம் டாலர்.

இன்னொரு குடும்பத்தைக் கடனிலிருந்து தூக்கிவிட்ட கம்பெனி, எட்டே வருடத்தில் தானே மூழ்கியது. கிராண்ட் புத்தகம் மாதிரி எல்லாப் புத்தகமும் போகும் என்று நினைத்தார்கள். போகவில்லை. பல வால்யூம்கள் கொண்ட இலக்கியத் தொகுப்பு ஒன்றைத் தவணை முறையில் விற்றார்கள். இதிலே உள்ள சூட்சுமம் காமர்ஸ் படித்தவர்களுக்கு உடனே புரியும். புத்தகத்தை அச்சடிக்க, பைண்டிங் செய்ய, ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கப் பணம் இன்றைக்கே போய்விடும். வாடிக்கையாளரிடமிருந்து மாதம் கொஞ்சமாகத்தான் வரும். அதாவது, விற்க விற்கக் கடன் ஏறும்! நோட்டுப் புத்தகத்தில் லாபம், கல்லாப்பெட்டியில் காற்று. அந்த ஓட்டையை அடைக்க லிவி தன் அப்பா வீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தாள். 60,000 டாலருக்கும் மேலே.

1891-ல் ஹார்ட்ஃபோர்ட் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பம் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே வாழ்க்கைச் செலவு குறைச்சல் என்பதும் ஒரு காரணம். வீட்டை நடத்த முடியாமல் வெளியூர் போகிற குடும்பங்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஊருக்கு ஒரு காரணம் சொல்வார்கள், உள்ளே ஒரு காரணம் இருக்கும். 1893-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதாரச் சரிவு. வங்கிகள் வரிசையாக விழுந்தன. பதிப்பகத்துக்குக் கடன் கொடுத்திருந்த வங்கி, இனிமேல் பொறுக்க முடியாது என்றது. 1894 ஏப்ரல் 18 அன்று கம்பெனி கை தூக்கியது. நம்மூர் பாஷையில், மஞ்சக் கடுதாசி.

கடன் கொடுத்தவர்கள் 96 பேர், ஆளுக்குச் சராசரியாக ஆயிரம் டாலர் என்று பின்னாளில் ட்வைனே கணக்குச் சொன்னார். அது போக லிவிக்குத் தர வேண்டியது தனி.

(தமிழில் ஒரு வேடிக்கை. கடன் வாங்கியவனும் கடன்காரன், கொடுத்தவனும் கடன்காரன். அக்கவுன்டன்சி வகுப்பில் டெப்டார், கிரெடிட்டார் என்று பிரித்துச் சொல்லித் தந்தபோது எனக்கு இந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. ரெண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது என்பதால் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.)

இந்த இடத்தில் இரண்டு பேர் முக்கியமாகிறார்கள்.

முதலாவது ஆள், ஹென்றி ராஜர்ஸ். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் பெரும் புள்ளி. வியாபாரத்தில் ஈவு இரக்கம் பார்க்காதவர், நரகத்து வேட்டைநாய் என்றுகூடப் பட்டப்பெயர். 1893-ல் ஒரு டாக்டர் நண்பர் அறிமுகம் செய்துவைக்க, இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ராஜர்ஸ் மார்க் ட்வைனின் பழைய ரசிகர். இரும்பு மனசுக்காரருக்கு எங்கேயோ ஒரு மெல்லிய இடம் இருந்திருக்கிறது. 1894 மார்ச் மாதம் ட்வைன் தன் பண விவகாரம் அனைத்துக்கும் ராஜர்ஸுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்தார். நான் சொல்வேன், ட்வைன் தன் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான நிதி நிர்வாகம் இதுதான். நிர்வாகத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்தது!

ராஜர்ஸ் செய்த முதல் வேலை, ட்வைனின் புத்தகக் காப்புரிமைகளை லிவி பெயருக்கு மாற்றியது. உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். பெண்டாட்டி பேருக்கு எழுதி வைத்துவிட்டு ஊரை ஏய்க்கிற வேலை ஆயிற்றே? ஆனால் இங்கே லிவிதான் கம்பெனிக்கு ஆகப் பெரிய தொகை கொடுத்தவள். 96 பேர் வரிசையில் நின்றால் அவள்தான் முதல் ஆள். தவிர, மாடுகளை ஏலம் விட்டுவிட்டால் பால்காரன் எங்கிருந்து கடனைக் கட்டுவான்? காப்புரிமைதான் மாடு. ராஜர்ஸ் அதைக் காப்பாற்றினார். அந்த வருட டிசம்பரில் இன்னொரு காரியமும் செய்தார். சிகாகோ பத்திரிகை ஒன்றில் நடந்த பரிசோதனையில் பேஜ் இயந்திரம் தேறவில்லை, இனி இதில் ஒரு காசு போடக் கூடாது என்று எழுதிவிட்டார். பாரிஸில் இருந்த ட்வைனுக்கு அந்தக் கடிதம் இடி விழுந்த மாதிரி இருந்தது. 14 வருடக் கனவு.

இரண்டாவது ஆள் லிவி. கடன் கொடுத்தவர்களில் பலபேர், டாலருக்கு ஐம்பது சென்ட் கிடைத்தாலே போதும், கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்கிற மனநிலையில் இருந்தார்கள். வியாபாரத்தில் அது தப்பே இல்லை. சட்டமும் ஒத்துக்கொள்ளும். லிவி ஒத்துக்கொள்ளவில்லை. டாலருக்கு நூறு சென்ட். ரூபாய்க்குப் பதினாறணா. கிடைக்கிற வரை காத்திருக்கச் சொல்லலாம், குறைக்கச் சொல்லக் கூடாது. ஹார்ட்ஃபோர்ட் வீட்டைக்கூடக் கொடுத்துவிடலாம் என்று அவள் தயாராக இருந்தாள். ராஜர்ஸ்தான் தடுத்தார். வீடு அவள் பெயரில் இருந்தது. பதினாறணா விஷயத்தில் மட்டும் ராஜர்ஸும் லிவி கட்சி. வியாபாரி பாதி கொடுத்துவிட்டு மறுபடியும் கடை திறக்கலாம், ஒரு எழுத்தாளனுக்கு அவன் பெயர்தான் முதல் என்பது அவருடைய கணக்கு.

ட்வைனுக்கு மேடைப் பேச்சு பிடிக்காது. நன்றாகப் பேசுவார், ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பேசிச் சம்பாதிப்பது என்றால் வேப்பங்காய். இனி அதைச் செய்யப் போவதில்லை என்று விட்டிருந்தவர். இப்போது வேறு வழி தெரியவில்லை. உலகம் பூராவும் பேச்சு, பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு புத்தகம், அதில் வரும் பணம் ராஜர்ஸ் கைக்கு. இதுதான் திட்டம். கிளம்பப் போகிற நேரத்தில்கூட பைண்டிங் பாக்கிக்காக ஒரு நிறுவனம் அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தது. ராஜபிளவையோடு போய் நின்று தன் சொத்துக் கணக்கைச் சொல்லிவிட்டு வந்தார்.

சூஸிக்குக் கடல் பயணத்தில் விருப்பம் இல்லை. கடைக்குட்டி ஜீனுக்குப் படிப்பு. ஆகவே இருவரும் எல்மைராவில் பெரியம்மா வீட்டில். லிவியும் கிளாராவும் ட்வைனோடு. ஒரு வருடம்தானே? முடிந்ததும் எல்லோரும் இங்கிலாந்தில் ஒன்றுசேர்வது என்று ஏற்பாடு. அந்தப் பிளாட்பாரக் காட்சி நடந்தது இப்படித்தான்.

கொஞ்சம் நில்லுங்கள். ட்வைனுக்கு எழுபது வருடம் முன்னால் இதே பாதையில் ஒருவர் போயிருக்கிறார். அவர் கதையைச் சொல்லாமல் இது முழுமையாகாது.

சர் வால்டர் ஸ்காட். ஸ்காட்லாந்தின் பெரிய நாவலாசிரியர். 1826 ஜனவரியில் அவருடைய பதிப்பாளரும், அவர் ரகசியப் பங்குதாரராக இருந்த அச்சகமும் ஒன்றாகக் கவிழ்ந்தன. அவர் தலையில் விழுந்தது 1,20,000 பவுண்டுக்கு மேல். திவால் ஆக மறுத்தார். நண்பர்கள் தந்த உதவிப் பணத்தையும் மறுத்தார். எழுதியே அடைக்கிறேன் என்று, வருமானத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்தார். அதே வருடம் மே மாதம் மனைவி இறந்தார். எழுதினார். நெப்போலியனின் வாழ்க்கையை ஒன்பது வால்யூம் எழுதினார். நாவல் மேல் நாவல். 1830-ல் பக்கவாதம். எழுதாதே என்றார்கள் டாக்டர்கள். எழுதினார். மனிதரின் நேர்மையைப் பார்த்து, கடன் கொடுத்தவர்களே கூடித் தீர்மானம் போட்டு, அவருடைய நூலகத்தையும் வீட்டுச் சாமான்களையும் அவருக்கே பரிசாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி பக்கவாதம். கடைசியில் உடம்பு தேற மத்தியதரைக்கடல் பக்கம் கூட்டிப் போனபோது, கடன் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவருடைய கலங்கிய மூளை நம்பிக்கொண்டது. கூட இருந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. 1832 செப்டம்பர் 21 அன்று இறந்தார். பாதிக்கு மேல் அடைத்திருந்தார். மீதி, அவர் போன பிறகு காப்புரிமைகளை வைத்துத் தீர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், ட்வைனுக்கு ஸ்காட்டைக் கண்டாலே ஆகாது. அமெரிக்கத் தெற்கு மாகாணங்களின் வீண் ஜம்பத்துக்கும், உள்நாட்டுப் போருக்குமேகூட ஸ்காட்டின் நாவல்கள்தான் காரணம் என்று 1883-ல் எழுதி வைத்தவர்! அவரையே இப்போது பத்திரிகைகள் இன்னொரு ஸ்காட் என்று புகழ்ந்தன. விதிக்கு நகைச்சுவை உணர்ச்சி ஜாஸ்தி.

ஆனால் ரெண்டு பேர் போன விதமும் ஒன்றில்லை. ஸ்காட் மேஜையோடு தன்னைக் கட்டிக்கொண்டார். ட்வைன் பாதிக் குடும்பத்தையாவது கூட அழைத்துக்கொண்டு போனார். செலவு கூடும் என்று தெரிந்தும்.

எனக்கு ஓர் அனுபவம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நாலு இடத்தில் கடன். ஒரு நாள் ரோஷம் வந்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். டீ இல்லை, சினிமா இல்லை, ஞாயிற்றுக்கிழமை கறி இல்லை, அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிற பஸ் செலவும் இல்லை. மூன்று மாதம் வெறியாகக் கட்டினேன். நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் கடைத்தெருவில் என்ன ஆனதோ தெரியாது, தவணையில் ஒரு டி.வி.டி. பிளேயரோடு அறைக்கு வந்து சேர்ந்தேன். கடன் இடம் ஐந்தாகிவிட்டது. கழுத்தைப் பிடித்து அமுக்கினால் உடம்பு எங்காவது ஒரு பக்கம் துள்ளத்தான் செய்யும்.

ட்வைனின் பயணத்துக்கு வருவோம். அமெரிக்காவின் வடபகுதி முழுக்கப் பேசிக்கொண்டே மேற்குக் கரைக்குப் போனார். கிளம்புமுன் ஓர் அறிக்கை விட்டார். பணமாக நான் சம்பாதிப்பது எனக்கல்ல, கடன் கொடுத்தவர்களுக்கு. சட்டம் என்னை விட்டாலும் மானம் விடாது என்பது அதன் சாரம். அதாவது, திரும்பிப் போக முடியாதபடி ஊரறியத் தன்னைத்தானே கட்டிப் போட்டுக்கொண்டார். ஆகஸ்டில் விக்டோரியாவில் கப்பல். ஹவாயில் இறங்க முடியவில்லை, காலரா. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. 1896 ஜனவரியில் கொழும்பு வழியாக பம்பாய். வந்த சில நாட்களிலேயே மார்ச்சளி, படுக்கை. ஹோட்டல் பால்கனியில் வந்து உட்கார்ந்து தன்னை ஆராய்ச்சி செய்த இந்தியக் காக்கையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். இருமிக்கொண்டே பார்த்த காக்கை அது.

அலகாபாத், காசி, கல்கத்தா. பிறகு டார்ஜிலிங். அங்கிருந்து இறங்கும்போது ரயிலில் வராமல், இஞ்சின் இல்லாத ஒரு சின்ன டிராலியில், மலைச்சரிவில் மைல் கணக்காக வளைந்து வளைந்து சறுக்கிக்கொண்டே வந்தார்கள். அறுபது வயது, தலைமேல் கடன், தேறியும் தேறாத உடம்பு. தன் வாழ்நாளிலேயே அவ்வளவு சந்தோஷமான நாள் வேறில்லை என்கிற அளவுக்கு எழுதிவைத்தார்! கடன்பட்ட நெஞ்சம் எப்போதும் கலங்கியே இருக்கும் என்று நாம் ஒரு வழக்காகச் சொல்கிறோம். அந்த ஒரு நாள் கலங்கவில்லை போலிருக்கிறது.

பிறகு லக்னோ, ஆக்ரா, ஜெய்ப்பூர், லாகூர், ராவல்பிண்டி. பல ஊர்களில் மேடை. மார்ச் கடைசியில் கல்கத்தாவில் கப்பல் ஏறி, நம்ம சென்னையில் ஒரே ஒரு நாள் நின்று, மறுபடி இலங்கை, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா. ஜூலை மாதம் பேச்சு முடிந்தது. பணம் ராஜர்ஸிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மாத இறுதியில் இங்கிலாந்து. இனி மகள்கள் வர வேண்டியதுதான் பாக்கி. லண்டனுக்குக் கொஞ்சம் தள்ளி கில்ஃபோர்டில் ஒரு வீடு பிடித்துக் காத்திருந்தார்கள்.

மகள்கள் வரவில்லை. ஒரு கடிதம் வந்தது. சூஸிக்கு லேசாக உடம்பு சரியில்லை என்று.

ஹார்ட்ஃபோர்டுக்குப் பழைய சிநேகிதிகளைப் பார்க்கப் போன இடத்தில் படுத்துவிட்டாள். தந்திமேல் தந்தி அடித்தும் தெளிவான பதில் இல்லை. லிவியும் கிளாராவும் அவசரமாகக் கப்பல் ஏறினார்கள். ட்வைன் மட்டும் கில்ஃபோர்டில். சூஸியைப் பூட்டிக்கிடந்த அவர்களுடைய வீட்டையே திறந்து கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார்கள். மூளைக்காய்ச்சல். 1896 ஆகஸ்ட் 18. அம்மா நடுக்கடலில். அப்பா கடலுக்கு அந்தப் பக்கம். வளர்ந்த வீட்டில் இறந்துபோனாள் சூஸி. 24 வயது.

கில்ஃபோர்டில் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டிருந்தபோது ட்வைன் கைக்குத் தந்தி வந்தது. கப்பல் கரை சேரும்வரை லிவிக்குத் தெரியாது.

தன் பண ஆசைதான் மகளிடமிருந்து தன்னைப் பிரித்தது என்று அவர் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டார். நாம் ஆறுதல் சொல்லலாம். மூளைக்காய்ச்சலுக்கு அன்றைக்கு மருந்து இல்லை, அப்பா பக்கத்தில் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று. உண்மைதான். ஆனால் அவர் அழுதது பிழைக்காததற்காக மட்டும் இல்லையே. பக்கத்தில் இல்லாததற்காக.

அதன் பிறகு லண்டனில் செல்சீ பகுதியில் ஒரு வீட்டில் ஒடுங்கிக்கொண்டார்கள். பண்டிகை கிடையாது, பிறந்தநாள் கிடையாது, விருந்தாளி கிடையாது. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் ஊர்சுற்றிய கதையை, சிரிப்பும் கிண்டலுமாக, எழுத வேண்டியிருந்தது. ஏனென்றால் கடன் இன்னும் இருந்தது. காக்கையும் டிராலியும் எழுதப்பட்டது அந்த வீட்டில்தான்.

1897-ல் அவர் சாகக் கிடக்கிறார், சோற்றுக்கில்லாமல் தவிக்கிறார் என்று வதந்தி பரவியது. நோயாளி உண்மையில் ஓர் உறவினர். நியூயார்க்கில் ஒரு பத்திரிகை நிதி திரட்ட ஆரம்பித்துவிட்டது. ட்வைன் முதலில் சரி என்றார். பாவம், களைத்துப்போயிருந்தார். லிவி ஒத்துக்கொள்ளவில்லை. நிதி நிறுத்தப்பட்டது, வந்த பணம் திரும்பிப் போனது.

அந்த நவம்பரில் பயணப் புத்தகம் வெளிவந்து நன்றாக விற்றது. கையில் சேர்ந்த பணத்தை ராஜர்ஸ் சும்மா வைத்திருக்கவில்லை, சாமர்த்தியமாக முதலீடு செய்து பெருக்கினார். 1898-ன் தொடக்கத்தில், கம்பெனியின் கடன் பைசா பாக்கியில்லாமல் தீர்ந்தது. நாலு வருடத்துக்குள். அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின.

அத்தோடு திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதே வருடம், வியன்னாவில், துணியில் டிசைன் நெய்யும் புதிய மெஷின் ஒன்றைப் பார்த்துவிட்டார் மனிதர்! உலக உரிமையே வாங்கிவிடலாம் என்று ராஜர்ஸுக்கு எழுதினார். ராஜர்ஸ் விசாரித்து, வேண்டாம் என்று நிறுத்தினார். அதற்குப் பிறகு பால் மாவு மாதிரி ஒரு சத்துணவுக் கம்பெனியில் பணம் போட்டு இழந்தது தனிக்கதை. வியாதி போகவில்லை. ஆனால் இந்த முறை வீடு கவிழவில்லை, சாவி வேறு ஆட்களிடம் இருந்தது.

1898 டிசம்பர் கடைசியில், வியன்னாவிலிருந்து எழுத்தாள நண்பர் ஹௌவெல்ஸுக்கு ட்வைன் ஒரு கடிதம் எழுதினார். லிவி கணக்குப் பார்த்திருந்தாள். காப்புரிமை வருமானத்தின் மதிப்பு 2 லட்சம் டாலருக்குச் சமம். பாங்கில் ரொக்கம் 1,07,000 டாலர். தாங்கள் ஏழை இல்லை என்று தெரிந்ததும் அவர் செய்த ஆடம்பரம் என்ன தெரியுமா? இத்தனை நாளும் நாலரை சென்ட் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தவர், வெளியே போய் ஆறு சென்ட் சுருட்டு ஒரு பெட்டி வாங்கிவந்தாராம்.

லிவியின் அந்தச் சொத்துப் பட்டியலில் முதல் வரி என்ன தெரியுமா? ஹார்ட்ஃபோர்ட் வீடும் அதிலுள்ள சாமான்களும்.

சூஸி இறந்த பிறகு அந்தக் குடும்பம் அங்கே ஒருபோதும் குடியிருக்கவில்லை. 1903-ல், அதில் போட்ட பணத்தில் ஒரு சிறு பங்குக்கு விற்றார்கள். அடுத்த வருடம் லிவி போய்ச் சேர்ந்தாள். வீடு கைமாறி, பள்ளிக்கூடமாகி, வாடகைக் குடித்தனங்களாகி, கடைசியில் மார்க் ட்வைன் மியூசியமாகிவிட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போனால் சூஸி விளையாடிய அறைகளைப் பார்க்கலாம். ஜேம்ஸ் பேஜ் செய்த இயந்திரங்களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. 18,000 பாகங்களோடு அதுவும் அங்கேதான் நிற்கிறது.